வேடமும் வெளிவேடமும்

2024ஆம் ஆண்டுத் தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, மாலைத் திருப்பலி முடிந்து கோயில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்குமனை வாயிலில் வந்து நின்றார். முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"சாமி, எம் பையனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நீங்கதான் சொல்லணும். ஓவர்டைம் பார்த்து வர்ற காசையெல்லாம் ரப்பர் அட்டையா வாங்கி, வெட்டி வெட்டி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நாலு மாசமா வீடு முழுக்கப் பசை நாத்தம். கேட்டா, ஏதோ இங்கிலீஷ் படத்துல வர்ற வீரன் மாதிரி வேஷம் போடப் போறானாம். தெருவே சிரிக்குது, சாமி. இருபத்து நாலு வயசுப் பிள்ளை செய்யிற காரியமா இது?"

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அறிந்தவர்க்கு அத்தாயின் வேதனை எளிதில் விளங்கும். சிப்காட் வளாகத்தில் பொழுது என்பது கதிரவனைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. ஷிப்டைக் கொண்டே அளக்கப்படுகின்றது. ஒருவன் வேலைக்குப் புறப்படும் வேளையில் இன்னொருவன் உறங்கப் போகின்றான். ஒப்பந்தத் தொழிலாளராக உள்ள இளைஞர் பலருக்கு அடுத்த ஆண்டும் இதே வேலை நிலைக்குமா என்பதே உறுதியில்லை. வீட்டு வாடகை, தங்கையின் திருமணம், சீட்டுப் பணம் என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே ஒரு வழி காத்திருக்கின்றது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மகன் தன் உழைப்பின் கூலியைப் பொம்மைக் கவசத்தில் கொட்டுகின்றான் என்றால், பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா?

"நான் பார்த்துக்கொள்கின்றேன், அம்மா; கவலைப்படாமல் போங்கள்" என்றேன். அவனை அழைத்துப் பேசியிருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

திருநீற்றுப் புதனன்று நான் செய்த பிழை

பிப்ரவரி 14 அன்று திருநீற்றுப் புதன். அன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் மனிதர் காணவேண்டும் என்பதற்காகவே செய்கின்ற வெளிவேடக்காரரை ஆண்டவர் கடிந்துகொள்ளும் பகுதி. அதை விளக்கிக்கொண்டு வந்த நான், பேச்சின் வேகத்தில், சாம்பல் பூசவேண்டிய நெற்றியில் சாயம் பூசிக்கொண்டு வேடம் கட்டி ஆடக் கிளம்பும் இளைஞர்கள் நம் பங்கிலும் இருக்கின்றார்கள் என்று ஒரு சொல்லை வீசினேன். சிலர் சிரித்தனர். தூணோரமாக நின்றிருந்த அந்த இளைஞனின் தலை கவிழ்ந்தது. அதைக் கண்டேன், கண்டும் நிறுத்தவில்லை.

அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவனைக் கோயிலில் காணவில்லை. சிறு வயதில் பீடச் சிறுவனாக மணியடித்து வளர்ந்த பிள்ளை அவன். உபதேசியார்தாம் மெல்லச் சொன்னார்: "சாமி, நீங்க அன்னிக்குச் சொன்னது அவன் மனசுல ஆழமாத் தச்சிடுச்சு."

அன்றிரவு, குருமட நாட்களில் கற்ற ஒரு பாடம் என் நினைவுக்கு வந்து என்னை உறங்கவிடவில்லை. 'வெளிவேடக்காரர்' என்று நாம் தமிழில் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'ஹுபோக்ரித்தேஸ்' என்பது. கிரேக்க உலகில் அச்சொல்லுக்கு மேடை நடிகன் என்பதே வழக்கமான பொருள். ஆனால் ஆண்டவர் கடிந்துகொண்டது மேடையில் நடிப்பவனை அன்று; மேடையல்லாத தொழுகைக் கூடத்திலும் தெருமுனையிலும் நடிப்பவனை. மேடையில் வேடம் புனைந்தவன் யாரையும் ஏமாற்றுவதில்லை. இது வேடம் என்று அவனும் அறிவான், பார்ப்பவரும் அறிவர். வேடமே அணியாதவன்போல் வாழ்ந்துகொண்டு, உள்ளே ஒன்றும் புறத்தே ஒன்றுமாக இருப்பவனே வெளிவேடக்காரன். அப்படியானால், தான் நேரில் பார்த்தறியாத ஒரு காரியத்தை அறிந்தவன்போலப் பீடத்தருகே நின்று பழித்தவன் யார்? அன்றைய நற்செய்தி என்னை நோக்கியே திரும்பி நின்றது.

மறுநாள் மாலை அவனுடைய வீட்டுக்குப் போனேன்.

பாதி அறையில் ஒரு பட்டறை

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த இரண்டு அறை வீடு. உள்ளறையின் ஒரு பாதியில் தாயின் தையல் இயந்திரம். மறு பாதி அவனுடைய பட்டறை. சுவரில் அடித்த ஆணியில், செந்நிறமும் பொன்னிறமுமாக ஒரு முழுக் கவசம் தொங்கிக்கொண்டிருந்தது. மார்பு, தோள், முழங்கை, தொடை, முழங்கால், பாதம் என எல்லாம் தனித்தனித் துண்டுகள். இரும்பைத் தகடாக அடித்து வளைத்தாற்போன்ற தோற்றம். கையில் எடுத்தால் பஞ்சுபோல் கனமற்றிருந்தது.

"இது செருப்புக்குப் போடுற ஷீட்தான், பாதர்" என்றான். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகிலுள்ள பெரியமேட்டில், தோல் சாமான்களும் செருப்புச் சாமான்களும் விற்கும் கடைகளில் வாங்கிய ஈ.வி.ஏ. நுரைத் தகடு அது. அவன் வேலை செய்த முறையை நான் கேட்கக் கேட்கச் சொன்னான்.

முதலில் ஒரு மாதம் வெறும் படங்களையே பார்த்தானாம். முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் அக்கவசம் எப்படித் தோன்றுகின்றது என்று பார்த்து வரைந்துகொண்டான். பின்பு தம்பியை விட்டுத் தன் உடம்பின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றச் செய்து, அதன்மேல் டேப்பை ஒட்டி, கவசத்தின் கோடுகளைப் பேனாவால் அதன்மேல் வரைந்து, அக்கோடுகளின் வழியே வெட்டி எடுத்தான். அதுவே அவன் உடம்பின் அளவு. அத்துண்டுகளைச் செய்தித்தாளில் படியெடுத்து, அங்கிருந்து நுரைத் தகட்டில் வரைந்து, கூரிய பிளேடினால் ஓரத்தைச் சாய்வாக வெட்டினான். நேராக வெட்டினால் இரு துண்டுகள் கோணமாக இணையும்பொழுது இடைவெளி விழுந்துவிடுமாம். வெட்டிய துண்டை ஹீட் கன்னால் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் முழங்காலில் வைத்து அழுத்தினால் வளைவு நின்றுவிடும். அதே சூட்டில் நுரையின் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷனை இரு விளிம்புகளிலும் தடவி, உடனே ஒட்டாமல், அது சற்று உலரும்வரை பொறுத்திருந்து சேர்க்கவேண்டும். பொறுமையற்றவனின் இணைப்பு பிரிந்துவிடும். பின்பு உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பூசிக் காயவைத்து, அதன்பிறகே வண்ணம். வண்ணமும் பூசி முடிந்ததும், கறுப்புச் சாயத்தைத் தடவி உடனே துடைத்துவிட்டால், இடுக்குகளில் மட்டும் கறை தங்கி, போர்க்களத்தில் அடிபட்ட இரும்புபோல் தோன்றுமாம்.

"மார்புத் துண்டை மூணு தடவை தூக்கிப் போட்டேன், பாதர். முதல்ல செஞ்சதுல மூச்சு விட முடியல. ரெண்டாவதுல கையைத் தூக்க முடியல. மூணாவதுல தோள் ரெண்டும் ஒரே அளவா வரல."

அவன் தேர்ந்துகொண்ட பாத்திரம் 'அயர்ன் மேன்'. அமெரிக்கச் சித்திரக் கதைகளில் 1963இல் பிறந்து, 2008இல் திரைப்படத்தின்வழி உலகெங்கும் பரவிய பாத்திரம். எதற்காக இந்த வீரன் என்று கேட்டேன். "இவனுக்கு யாரும் வரம் கொடுக்கல, பாதர். பொறந்ததுலேருந்தே பலசாலியும் இல்ல. குகையில கைதியா கிடந்து, கிடைச்ச இரும்பை வச்சுத் தன் கையால கவசம் செஞ்சு தப்பிச்சு வர்றான். நானும் பட்டறையில வேலை செய்யிறவன்தானே?"

அவ்வாண்டு பிப்ரவரியில், சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'காமிக் கான்' என்னும் சித்திரக் கதை விழா முதன்முறையாக நடைபெற்றது. இரண்டு சாக்குகளில் கவசத்தைக் கட்டிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் ஏறிப் போயிருக்கின்றான். அணிந்துகொள்ள ஒரு மணி நேரம். அணிந்தபின் உட்கார முடியாது. தண்ணீரும் உறிஞ்சு குழல் வைத்தே குடிக்கவேண்டும். உள்ளே வியர்வை ஆறாக ஓடும். "அங்க ஒரு சின்னப் பையன் வந்து, என் கையைத் தொட்டுப் பார்த்துட்டு, 'அண்ணா, நீங்களே செஞ்சீங்களா?'ன்னு கேட்டான், பாதர். நாலு மாசத்துல அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டது அவன் ஒருத்தன்தான்."

அச்சொல் என்னைச் சுட்டது. சற்று நேரம் தயங்கிவிட்டு, அவனே மீண்டும் பேசினான்.

"பாதர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? கிறிஸ்துமசுக்குக் குடில்ல தெர்மாகோல் மலை செஞ்சேன், சம்மனசுக்கு இறக்கை செஞ்சேன். நல்ல கைவேலைக்காரன்னு கோயில்லயே அறிவிச்சீங்க. அதே கையாலதான் இதையும் செஞ்சேன். கோயிலுக்குச் செஞ்சா கலை. எனக்குன்னு செஞ்சா கிறுக்கா?"

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய கேள்விக்கு மட்டும் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியே.

வேடம் புதிதன்று

'காஸ்ப்ளே' என்று இளைஞர்கள் வழங்கும் இக்கலையின் பெயர், உடை, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி இணைத்தது. 1980களின் முற்பகுதியில் நொபுயுகி தகஹாஷி என்னும் ஜப்பானியர் அமைத்த சொல் அது. சொல் பின்னால் வந்தது. செயல் அதற்கும் முந்தியது. 1939ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவரும் மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியும் எதிர்கால மனிதரைப்போல் உடையணிந்து சென்றனர். இருவரின் உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ்தாம். உடுத்துச் சென்றவரின் பெயர் புகழ்பெற்ற அளவுக்கு ஊசி பிடித்தவரின் பெயர் புகழ்பெறவில்லை. இன்று ஜப்பானின் நகோயா நகரில் 2003 முதல் உலக அளவிலான விழா நடைபெற்று வருகின்றது. இக்கலையின் போட்டிகள் பலவற்றில் கடையில் வாங்கிய உடைக்கு மதிப்பில்லை. தையலையும் இணைப்பையும் நடுவர்கள் தொட்டுப் பார்த்தே மதிப்பிடுகின்றார்கள்.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று எண்ணவேண்டா. நம் திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களில் இரவெல்லாம் நடைபெறும் பாரதக் கூத்தினை அறியாதவர் யார்? அதற்குக் கட்டைக்கூத்து என்னும் பெயர் எதனால் வந்தது? அரச வேடம் புனைவோர் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் மரத்தாலான அணிகலன்களுக்குக் 'கட்டை' என்று பெயர். கனமற்ற மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லுகளும் பதித்து, விளக்கொளியில் மின்னும்படி செய்யப்படுபவை அவை. ஆக, ஒரு கலை முழுவதும் தன் பெயரையே வேடப்பொருளிடமிருந்து பெற்றிருக்கின்றது! கூத்தர் தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசிக்கொள்வர். பகலில் வயலிலும் கூலி வேலையிலும் உழைத்தவர், இரவில் துரியோதனனாகவும் கர்ணனாகவும் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படுவர். விடியும்வரை ஆடுவர். இக்கலையைப் பேணுவதற்காகவே காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் பெ. இராசகோபாலும் பிறரும் சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் நிறுவினர். 2002 முதல் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளிக் கல்வியோடு கூத்தும் கற்பிக்கும் குருகுலம் ஒன்றையும் நெடுங்காலம் நடத்தினர்.

நம் கத்தோலிக்கச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. என் சொந்த ஊரில் மூவரசர் நாடகத்துக்கு ஏரோதின் கிரீடத்தை என் பெரியப்பா செய்வார். கலியாண முருங்கை மரத்தைச் செதுக்கி, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சில்லு சில்லாக ஒட்டுவார். அதைக் கிறுக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஊரே கூடிப் பார்த்தது. கேரளக் கடற்கரைக் கத்தோலிக்கரின் சவிட்டு நாடகத்தையும் இங்கே நினைக்கலாம். பேரரசன் சார்லமேன் கதையை, பளபளக்கும் கிரீடமும் கவசமும் பூண்டு, பலகை அதிர மிதித்து ஆடுவர். அதன் பழைய பாடல்களில் தமிழ் கலந்திருப்பதும், அதன் ஆசிரியராகப் போற்றப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர் எனக் கூறப்படுவதும் நமக்குப் பெருமை தருவன.

செருமானிய நாட்டின் பவேரியாவில் ஓபராமர்காவ் என்றோர் ஊர் உண்டு. மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 1633இல் கொள்ளைநோயின் கொடுமையில், நோய் நீங்கினால் ஆண்டவரின் பாடுகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடித்துக் காட்டுவோம் என்று அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634இல் தொடங்கிய அந்நாடகம் இன்றும் நடைபெறுகின்றது. 2020இல் நடைபெறவேண்டியது கொரோனாவினால் தள்ளிப்போய், 2022இல் நடந்தேறியது. அங்கே பொய்த்தாடிக்கும் பொய்முடிக்கும் இடமில்லை. நாடகத்துக்கு முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதனன்று அறிவிப்பு வெளியாகும். அன்று முதல் நடிப்போர் முடி வெட்டுவதில்லை, தாடி மழிப்பதில்லை. உரோமைப் படைவீரராக நடிப்போர்க்கு மட்டும் விலக்கு. தச்சரும் கடைக்காரரும் மாணவரும் ஓராண்டுக்கு மேலாக அந்த முடியோடும் தாடியோடும் வேலைக்குப் போய் வருவர். நான் எந்தத் திருநீற்றுப் புதனன்று வேடத்தைப் பழித்தேனோ, அதே திருநீற்றுப் புதன் அந்த ஊரில் வேடம் தொடங்கும் நாளாக இருக்கின்றது!

ஒரு துளையும் ஒரு முழுப்பொருளும்

ஆனால் இவையெல்லாம் கோயிலுக்காகவோ ஊருக்காகவோ செய்யப்பட்டவை அல்லவா? அந்த இளைஞனின் கேள்வி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கின்றது. எனவே நான் அவனிடம் அவனுடைய ஆலை வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு சின்ன இரும்புத் துண்டு வரும், பாதர். அதுல ஒரு துளை போடணும். அடுத்தது வரும். அதுலயும் அதே துளை. ஷிப்டு முடியிற வரைக்கும் அதான். அது எந்த வண்டியில எந்த இடத்துக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. முழுசா ஒண்ணை இதுவரைக்கும் நான் செஞ்சதே இல்ல."

முழுதாக ஒன்றைச் செய்ததே இல்லை! தொழிற்பேட்டையின் நடுவில் பல ஆண்டுகள் திருப்பலி நிறைவேற்றியும், இத்துயரம் என் காதில் விழுந்ததில்லை. கூலி போதவில்லை என்று கேட்டிருக்கின்றேன். வேலை நிரந்தரமில்லை என்று கேட்டிருக்கின்றேன். தன் கை செய்த ஒரு முழுப்பொருளைக் கண்ணால் காணாத ஏக்கத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய தச்சன் கதவு செய்தால், அது அவன் செய்த கதவு. குயவன் வனைந்தால், அது அவன் வனைந்த பானை. நாசரேத்துப் பட்டறையில் சூசையப்பரும் அவரிடம் தொழில் பயின்ற நம் ஆண்டவரும், செய்து முடித்த பொருளைக் கையால் தடவிப் பார்த்திராமல் இருந்திருப்பார்களா? தொழிலாளரின் பாதுகாவலராக அந்தத் தச்சரைக் கொண்டாடும் மே முதல் நாள் திருவிழாவைத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955இல் ஏற்படுத்தியதில் ஆழ்ந்த பொருள் உண்டு.

திருத்தந்தை புனித 2ஆம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றி 1981இல் ஒரு சுற்றுமடல் எழுதினார். உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளில் அன்று, செய்கின்ற மனிதனில் இருக்கின்றது. உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பது அதன் மையக் கருத்து. இதை எழுதியவர் ஆலை வேலையை ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர். நாசிப் படையின் ஆட்சியில் 1940 முதல் 1944 வரை, கிராக்கோவ் நகரில் முதலில் கல் குவாரியிலும் பின்பு ஓர் இரசாயன ஆலையிலும் கூலியாளாக உழைத்தவர். அதே ஆண்டுகளில், 1941இல் தொடங்கப்பட்ட ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, வீடுகளுக்குள் இரகசியமாக நடிக்கவும் செய்தார். கண்டுபிடிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. பகலில் கல்லுடைத்த இளைஞனுக்கு இரவில் நாடகம் எதற்கு என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், அவர் என்ன விடை கூறியிருப்பார்? தன்னை வெறும் கூலிக் கையாக மட்டும் எண்ணிய ஆட்சிக்கு எதிரே, தான் முழு மனிதன் என்று காட்டுவதற்கு அந்த மேடை அவருக்கு வேண்டியிருந்தது.

திருநூலும் இதற்குச் சான்று பகர்கின்றது. விடுதலைப் பயண நூலில், ஆரோனுக்குத் திருவுடை தைக்கும் கைவினைஞரைத் தாமே ஞானத்தால் நிரப்பியதாக இறைவன் மோசேயிடம் கூறுகின்றார். ஊசி வேலையும் தூய ஆவியின் கொடை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நீதிமொழிகள் நூலின் 8ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. உலகைப் படைத்தபோது ஞானம் இறைவனருகே கைதேர்ந்த சிற்பியாக இருந்தது என்றும், அவர் திருமுன் நாள்தோறும் மகிழ்ந்து களித்தது என்றும் அங்கே வாசிக்கின்றோம். வேலையும் விளையாட்டும் அங்கே இரண்டல்ல. இறைவன் எந்தத் தேவைக்காக மயிலின் தோகையில் அத்தனை கண்களை எழுதினார்? நல்லது என்று கண்டு மகிழ்வதற்காகவே அன்றோ? அவருடைய சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனும், கூலிக்காக அன்றி, ஏவலுக்காக அன்றி, ஒன்றை முழுமையாகச் செய்து, நல்லது என்று கண்டு மகிழ ஏங்குகின்றான். பயன் கருதாது செய்யப்பட்ட அந்தக் கவசத்தில் நான் கண்டது கிறுக்கு அன்று; படைத்தவரின் சாயல்.

எனவே, தம்பி, உன் கேள்விக்கு என் விடை இதுதான்: கோயிலுக்குச் செய்தாலும், உனக்கென்று செய்தாலும், மூன்று முறை தூக்கிப் போட்டு நான்காம் முறை நேர்மையாகச் செய்யும் கையை இறைவன் ஒரே கண்ணோடுதான் பார்க்கின்றார்.

அன்போடு சில எச்சரிக்கைகள்

இவ்வாறு எழுதுவதால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கின்றேன் என்று இளைஞர்கள் எண்ணவேண்டா. அவனிடம் சொன்னவற்றையே இங்கும் சொல்கின்றேன்.

கடன் வாங்கி வேடம் கட்டாதீர்கள். அந்த இளைஞன் நான்கு மாதங்களில் செலவிட்டது ஏறக்குறைய 7,000 ரூபாய். எல்லாம் ஓவர்டைம் பணம். வீட்டுக்குக் கொடுக்கவேண்டியதில் கை வைக்கவில்லை என்பதை அவன் தாயே பின்னர் ஒப்புக்கொண்டார். உறக்கத்தைத் திருடி வேலை செய்யாதீர்கள். இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் இயந்திரத்தின் முன் நிற்பவன் தன் விரல்களைப் பணயம் வைக்கின்றான். பசையின் ஆவியும், சூடேறிய நுரைத் தகட்டின் புகையும், தேய்க்கும்பொழுது எழும் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. சன்னலைத் திறந்துவையுங்கள், முகமூடி அணியுங்கள், சிறு பிள்ளைகள் உறங்கும் அறையில் இவ்வேலை வேண்டவே வேண்டா.

பெண்பிள்ளைகளும் இக்கலையில் ஆர்வத்தோடு ஈடுபடுகின்றார்கள். வேடமணிந்து நிற்கும் பெண்ணைத் தொடவும், கேளாமல் படமெடுக்கவும் தமக்கு உரிமை உண்டென்று எண்ணும் மூடர் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர். வேடம் அணிந்ததே சம்மதம் ஆகாது என்னும் அறிவிப்பை 2014இல் நியூயார்க் விழாவில் பலகைகளில் எழுதி வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அதை வீட்டிலேயே கற்பிப்போம்.

இறுதியாக ஒன்று. வேடம் களைந்தபின் கண்ணாடியில் தெரியும் முகமும் நமக்கு இனியதாக இருக்கவேண்டும். வீரனின் கவசத்துக்குள் ஒளிந்துகொள்வதற்காக வேடம் கட்டுபவன் வருந்துவான். அவ்வீரனின் துணிவில் ஒரு துளியைத் தன் வாழ்வுக்குள் கொண்டுவருபவன் வளர்வான். மேடையில் திருமுழுக்கை எள்ளி நகையாட வேடமிட்ட உரோமை நடிகர் ஜெனேசியுஸ், அந்த வேடத்தின் நடுவிலேயே மனம் மாறி, மறைச்சாட்சியாக உயிர் துறந்தார் என்பது திருச்சபையின் மரபு. நடிகர்களின் பாதுகாவலராக இன்று அவரைப் போற்றுகின்றோம். ஒளிக்காத வேடம் ஒருவனை உண்மைக்கே இட்டுச் செல்லவும் கூடும்.

மடியில் ஒரு தலைக்கவசம்

அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்கு வந்தான். தூணோரமாகவே நின்றான். அன்று மறையுரையின் தொடக்கத்தில், திருநீற்றுப் புதனன்று நான் கூறிய ஒரு சொல் தவறானது என்று மக்கள் முன் சொன்னேன். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

2025 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் அவ்விழா மீண்டும் நடந்தது. அன்று காலை ஒரு வேலையாகச் சென்னைக்குப் புறப்பட்ட நான், கும்மிடிப்பூண்டி நிலையத்தில் அவர்கள் இருவரையும் கண்டேன். மகனின் தோளில் இரண்டு சாக்குகள். தாயின் மடியில், பழைய புடவைத் துண்டில் சுற்றிய தலைக்கவசம். கவசத்தின் உட்புறம் கழுத்தை அறுக்கின்றது என்று மகன் சொன்னதால், அவரே பருத்தித் துணியில் உள்தையல் போட்டுக் கொடுத்திருந்தார்.

"வழியில நசுங்கிடும், சாமி. அதான் நானும் கூடப் போறேன்" என்றார். பின்பு, யாரும் கேட்காமலேயே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உள்ள துணி வச்சுத் தச்சது நான்தான்."

அன்புக் குடும்பத்தாரே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு மூலையில், உங்களுக்கு விளங்காத ஒன்றை உங்கள் பிள்ளை செய்துகொண்டிருக்கலாம். 'ஏன் செய்கின்றாய்?' என்று அதட்டுவதற்கு முன், ஒருமுறை அருகே அமர்ந்து, 'எப்படிச் செய்தாய்?' என்று கேளுங்கள். நந்தம்பாக்கத்தில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி அது. அவன் பங்குத்தந்தையாகிய நான் அதைக் கேட்க மூன்று ஞாயிறுகள் தாமதித்தேன், நீங்கள் தாமதிக்கவேண்டா.